அப்பா இறந்தபின் ஒரு வரிகூட எழுத வரவில்லை. துயரத்தில் கவிதை வருமா? உள்ளுணர்வை நம்பிக் காத்திருக்கலாமா?

காத்திருங்கள். எனக்கு நேர்மாறாக நடந்தது. அப்பா போனதும் எழுத எழுத வந்தது, ஆனால் அத்தனையும் பொய்யாக வந்தது.

என் அப்பா திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்தவர். பள்ளி நாட்களிலிருந்து என் கவிதைகளை முதலில் படிப்பவர் அவர்தான். நன்றாக இருக்கிறது, இல்லை என்று எதுவும் சொல்ல மாட்டார். சிவப்புப் பேனாவால் ஏதாவது ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுத் தருவார். ஏன் என்று கேட்டால், "வாய்விட்டுப் படிச்சுப் பாரும்மா" என்பார். படித்தால் சரியாக அந்த இடத்தில் நாக்கு இடறும். எங்கேயோ கேட்டதை எடுத்து வைத்திருப்பேன்.

பதினாறாம் நாள் படத்திறப்புக்கு ஒரு கவிதை எழுதினேன். சூரியன் மறைந்தது, ஆலமரம் சாய்ந்தது என்றெல்லாம். சொந்தக்காரர்கள் அழுதார்கள். எனக்கு 'ஆலமரம்' என்ற இடத்தில் வாய் கூசியது. அப்பா ஒல்லியான, சத்தமில்லாத மனிதர். அதற்கப்புறம் ஏழு மாதம் பேனாவைத் தொடவில்லை.

அந்த நாட்களில் திரும்பத் திரும்பப் படித்தது புறநானூற்றின் 112ஆம் பாட்டு ஒன்றைத்தான். பறம்புமலையை ஆண்ட பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியது. அதன் துறை, அதாவது பாடுபொருள் வகை, கையறுநிலை: இறந்தவரை எண்ணிச் செயலற்று வருந்துவது. ஐந்தே அடி, அழுகை என்ற சொல்லே கிடையாது. அன்றைய மாத நிலவில் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை என்கிறார்கள். அங்கே அப்பா முதலில், மலை பிறகு. இந்த மாத நிலவுக்கு வரும்போது வரிசை மாறிவிடுகிறது. முரசறையும் வேந்தர் குன்றைக் கொண்டார்கள் என்று சொல்லி முடித்து, கடைசியில்தான் 'யாம் எந்தையும் இலமே'. அந்த ஒன்றைச் சொல்ல வாய் வராமல் எவ்வளவு தள்ளிப்போட்டிருக்கிறார்கள் பாருங்கள்! பல வருடம் படித்த பாட்டுதான். அப்பா போன பிறகுதான் இது என் கண்ணில் பட்டது.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் மூன்று சட்டை இஸ்திரிக்குப் போட்டிருந்தார். அவர் இறந்த நாலாம் நாள் காலை தெருமுனை வண்டிக்காரர் அவற்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். காசு வேண்டாம் என்றுவிட்டார். காலர் விறைப்பாக, பட்டன் எல்லாம் போட்டு மடித்திருந்தது. ஒன்றின் பையடியில் பழைய சிவப்பு மசிக் கறை. அம்மா அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் தாண்டி, ஜன்னலில் பக்கிங்காம் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'போகாது என்று தெரியும், தேய்க்கிறாள்' என்று ஒரு வரி வந்தது. வாய்விட்டுச் சொன்னேன், நாக்கு இடறவில்லை. திருவல்லிக்கேணியில் இறங்கி, நடைமேடையிலேயே உட்கார்ந்து செல்போனில் மிச்சத்தையும் எழுதினேன்.

உள்ளுணர்வு வானத்திலிருந்து விழுவதாக நான் நினைக்கவில்லை. என்னுடையது அப்பா போட்ட வட்டங்கள். உங்களுக்கு அது வேறு யாரிடமிருந்தாவது வந்திருக்கும். எழுத வராவிட்டால் பரவாயில்லை, கண்ணில் பட்டதை மட்டும் குறித்து வையுங்கள்: அவர் செருப்பு எங்கே கிடந்தது, யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று. உவமை தேடாதீர்கள்.

அந்தக் கவிதையை அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை. மூன்றாவது வரியில் ஒரு சொல் உறுத்துகிறது, வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.