சும்மா படுத்திருக்கவா ஆஸ்பத்திரி?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரசவ வார்டில் வாரக்கணக்கில் படுத்திருக்கும் பெண்களின் வீட்டார் எழுதியவை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சில, மலைக்கு மேலே கேரளப் பக்கத்திலிருந்து சில. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

தங்கைக்கு ஏழாம் மாதம். ஹை ரிஸ்க் என்று அட்மிட் பண்ணியிருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா? (கூடலூர்)

எதனால் ரிஸ்க்? பிரஷரா, சர்க்கரையா, இரட்டையா, பனிக்குடம் கசிகிறதா? ஒன்றும் எழுதாமல் பயப்படலாமா என்று கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? ஃபைலின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். மாதக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கு சொல்லுங்கள். 28 வாரமும் ஏழாம் மாதம், 30 வாரமும் ஏழாம் மாதம். உள்ளே இருக்கிற பிள்ளைக்கு அந்த இரண்டு வாரம் பெரிய விஷயம்.

குமுளியில் இருக்கிறோம். கோட்டயம் போவதா, தேனி போவதா?

கோட்டயம் மெடிக்கல் காலேஜ் சுமார் 110 கிலோமீட்டர், க.விலக்கில் இருக்கிற தேனி மெடிக்கல் காலேஜ் எழுபது சொச்சம். நான் கிலோமீட்டரைப் பார்க்க மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு சிசேரியன் செய்ய ஆள், ரத்த வங்கி, குறைமாதப் பிள்ளைக்கு ஐசியூ மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டு இடத்திலும் இருக்கிறது. கூட நிற்க எங்கே ஆள் கிடைக்குமோ அங்கே போங்கள். ஆனால் போன இடத்திலேயே இருங்கள். பாதியில் மாறினால் ஃபைலை விட்டுவிட்டு ஓடாதீர்கள். ஸ்கேன் ரிப்போர்ட் இரண்டு மாநிலத்திலும் இங்கிலீஷில்தான் இருக்கும், யாரும் படித்துக்கொள்வார்கள்.

மனைவிக்கு 30 வாரம். நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழே இருக்கிறது என்று மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். இரண்டு தடவை ரத்தம் பட்டது, இப்போது இல்லை. இரும்புச்சத்து மாத்திரை தவிர வைத்தியம் எதுவும் நடக்கவில்லை. சும்மா படுப்பதற்கு வீட்டில் படுக்கக் கூடாதா? வளைகாப்புக்கு ஒரு நாளாவது கூட்டி வரலாமா? (வண்டிப்பெரியாறு)

தம்பி, இந்தக் கேள்வியை முப்பது வருஷம் வார்டில் கேட்டாயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் விட மாட்டேன் என்கிறது.

நஞ்சு கருப்பை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வாரம் ஏற ஏற கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரியும். விரியும்போது நஞ்சின் ஓரம் பிரிந்து ரத்தம் வரும். வலி இருக்காது, தூக்கத்தில்கூட வரும். இரண்டு தடவை கொஞ்சமாகப் பட்டது என்றால் மூன்றாவது தடவையும் கொஞ்சமாகத்தான் படும் என்று யார் சொன்னது? மாதம் நிறையும் சமயத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டர் ரத்தமாவது போகிறது. நஞ்சை மேலே ஏற்ற மாத்திரை கிடையாது. அதனால் அங்கே நடக்கிற வைத்தியமே தூரத்தைக் குறைப்பதுதான். கட்டிலிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு இரண்டு நிமிஷம். உங்கள் லயத்திலிருந்து, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, மலை இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? மூடுபனியில்? கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது?

ரத்தம் நின்று பல நாள் ஆனவர்களை, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு இருந்தால், டாக்டர்களே அனுப்புவதுண்டு. வண்டிப்பெரியாறு பக்கத்துத் தெரு இல்லை.

வளைகாப்பு என்றீர்களே. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பெண்ணை ‘எங்கள் பொறுப்பில் கூட்டிப் போகிறோம்’ என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போனார்கள். மறுநாள் சாயங்காலம் ஜீப்பில் கொண்டுவந்தார்கள். சேலை நனைந்திருந்தது, முகம் வெளுத்திருந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். ரத்தக்குழாயில் ஏற்றுகிற ஊசிக்குழல், வென்ஃப்ளான், போட இடமில்லை. ஒவ்வொன்றாகக் கழற்ற நேரமில்லாமல், துணியைச் சுற்றி உடைத்தோம். ட்ராலி சக்கரத்தில் சிவப்பும் பச்சையுமாக நெரிபட்டது. தாய் பிழைத்தாள். பிள்ளை நாற்பது நாள் போல ஐசியூவில் கிடந்து வீட்டுக்குப் போனது. இன்றைக்கும் வளையல் சத்தம் கேட்டால் எனக்கு அந்த ட்ராலிதான்.

வளைகாப்பை வார்டில் வையுங்கள். இரண்டு வளையல், ஒரு டிபன் கேரியரில் புளியோதரை, சிஸ்டர்களுக்கும் கொஞ்சம். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். நாங்கள் விட்டிருக்கிறோம், சாப்பிட்டும் இருக்கிறோம்.

அப்புறம் இரண்டு விஷயம். படுக்கை என்றால் அசையாமல் கிடப்பது இல்லை. நாள்கணக்கில் அப்படிக் கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். பாத்ரூம் வரை நடக்கலாம், பாதத்தை ஆட்டிக்கொண்டிருக்கலாம், டாக்டர் வேறு மாதிரி சொல்லாத வரை. இரண்டாவது, வழியில் எந்த ஆஸ்பத்திரியில் ஏறினாலும் முதல் வார்த்தையே ‘நஞ்சு கீழே இருக்கு’ என்று இருக்கட்டும். தெரியாமல் யாராவது உள்ளே கைவிட்டுப் பார்த்தால் ரத்தம் கொட்டிவிடும். அதற்குத்தான் ஃபைல், ஃபைல் என்று அடித்துக்கொள்கிறேன்.

மருமகளுக்கு பிரஷர் 150/100. உப்பில்லாமல் கஞ்சி கொடுத்து வருகிறேன். சரிதானே? (போடி)

சரியில்லை அம்மா. ஊறுகாய், அப்பளம், கருவாட்டை நிறுத்துங்கள், சாப்பாட்டில் அளவான உப்பு இருக்கட்டும். இந்த பிரஷர் உப்பால் வந்ததில்லை. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இதில் ஒன்று வந்தாலும் உடனே சிஸ்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். 160/110 தொட்டால் அது அவசரம்.

31 வாரத்தில் பனிக்குடம் உடைந்து அட்மிட். ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். அவளுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லலாமா? (நெடுங்கண்டம்)

சொல்லாதீர்கள். அது பிள்ளையின் நுரையீரலுக்கு. 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி, இல்லை 24 மணி நேர இடைவெளியில் இரண்டு, மருந்தைப் பொறுத்து. சர்க்கரை சில நாள் ஏறும், இன்சுலினைக் கூட்டிச் சமாளிப்பார்கள்.

ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொன்னார்கள். நானே மனைவிக்குக் கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்கிறார்கள். ஒரே குரூப்தான். (உத்தமபாளையம்)

அவர்கள் சொல்வதுதான் சரி. கணவன் ரத்தம் ஏறினால், அடுத்த பிரசவத்தில் பிள்ளையின் ரத்தத்தையே எதிர்க்கிற பொருள் அவள் உடம்பில் உருவாகிவிடலாம். நீங்கள் வங்கிக்குக் கொடுங்கள், அவளுக்கு வேறொருவருடையது ஏறட்டும். 45 கிலோ எடையும் 12.5 ஹீமோகுளோபினுமாவது இருக்க வேண்டும். மச்சான்மார்களையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

மனைவி எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். பிரசவத்துக்கு எட்டு வாரம் முன்னால்தான் லீவு என்கிறார் கிளார்க். அவளோ 27 வாரத்திலேயே அட்மிட். (பீர்மேடு)

எட்டு வாரக் கணக்கு சரி. 2017 திருத்தத்துக்குப் பிறகு மொத்தம் 26 வாரம், அதில் எட்டு வரை முன்னால் எடுக்கலாம். இரண்டு பிள்ளை ஏற்கெனவே இருந்தால் 12 வாரம்தான். கிளார்க் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. கர்ப்பத்தால் வந்த நோய்க்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் இதற்கு மேல் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. அட்மிஷன் தேதி போட்ட சர்டிபிகேட்டை வார்டில் இன்றைக்கே வாங்குங்கள். முந்தின 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஜீப்பில் போய் ஏலத்தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறவர்களும் செக்ரோல் (வேலை நாள் பதிவேடு) நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டில் கூட நிற்கிற பைஸ்டாண்டராகப் பெண்தான் வேண்டுமாம். பத்தாவது படிக்கும் மூத்த மகளை நிறுத்தலாமா?

கூடாது. நாத்தனார், கொழுந்தியாள், பக்கத்து லயத்து அக்கா என்று ஆளுக்கு நாலு நாள் முறை வையுங்கள். சோற்றை நீங்கள் வடியுங்கள்.

நாலு வயது மகள் அம்மா எங்கே என்று ராத்திரி அழுகிறாள். (ஏலப்பாறை)

தூங்கப்போகும் நேரத்தில் வீடியோ கால் வேண்டாம், அழுகை கூடும். காலையிலோ சாயங்காலமோ ஒரே நேரத்துக்குப் பேசட்டும். எங்கள் வார்டில் ஒருத்தி மகளின் ரிப்பனை வாரத்துக்கு ஐந்து ஜோடி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை புருஷன் வந்தால் அழுக்கு ரிப்பனை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்தனுப்புவாள். அழுக்கை வார்டு குழாயிலேயே துவைத்துக் காயப்போடுவாள். அம்மா மடித்தது என்று அந்தக் குழந்தை வேறு யாரையும் தொடவிடாதாம். ஜலதோஷம் இருந்தால் மட்டும் வார்டுக்குக் கூட்டி வராதீர்கள்.

வீடு கேரளாவில், பிள்ளை தேனியில் பிறந்தது. பிறப்புச் சான்றிதழ் எங்கே?

பிறந்த இடத்தில். 21 நாளுக்குள் பதிவாகிவிட்டதா என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள். கேரளாவிலும் செல்லும். நகலை ஃபைலில் வையுங்கள்.