பேன் பார்க்க ஓர் ஆள்

அன்புள்ள அண்ணா,

தோழமை அதிகம் உள்ள பபூன் குரங்குகள் கூடுதல் காலம் வாழ்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். ஒரு சந்தேகம். தெம்பாக இருக்கும் குரங்கிடம்தானே மற்றவை ஒட்டும்? எது முதலில், எது பிறகு என்று எப்படிச் சொல்கிறார்கள்? கேட்பதற்குக் காரணம் என் அப்பா. அம்மா போன பிறகு சிங்கப்பூர் அங் மோ கியோ அடுக்குமாடி வீட்டை விட்டுக் கீழே இறங்குவதே இல்லை. புளோக்குக்குக் கீழேயே மூத்தோர் நிலையம் இருக்கிறது, எப்போதும் கலகலப்புதான். கூப்பிட்டால் "அங்கே எனக்கு யாரைத் தெரியும்?" என்கிறார். வற்புறுத்தலாமா?

மீனா

அன்புள்ள மீனா,

உங்கள் சந்தேகம் நியாயமானது. காட்டுக் குரங்கிடம் போய் நீ இதனோடு சேர், அதனோடு சேராதே என்று சொல்லி யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. பக்கத்திலிருந்து வருடக்கணக்கில் குறித்துக்கொண்டே வருவதுதான் வழி. கென்யாவின் அம்போசெலியில் 1971 முதல் விடாமல் அப்படிச் செய்து வருகிறார்கள். ஒவ்வொரு பபூனையும் பார்த்ததுமே இன்னார் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் குறிப்புகளை வைத்து ஜோன் சில்க், சூசன் ஆல்பர்ட்ஸ், ஜீன் ஆல்ட்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2003இல் சொன்னது, மற்றவற்றோடு ஒட்டி உறவாடும் தாயின் குட்டிகள் முதல் ஆண்டைத் தாண்டுவது அதிகம், தாய்க்குக் கூட்டத்தில் உள்ள அந்தஸ்தைக் கணக்கில் எடுத்த பிறகும். நோய்வாய்ப்பட்டது தானே ஒதுங்கிக்கொள்வதும் நடக்கலாம்தான். ஆனால் துணை உடம்புக்குள் போய்ச் சேரும் பாதைகளும் தெரிகின்றன. லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கப் பக்கம் நம்மூர் நீளவால் குரங்குகளைக் கவனித்திருப்பீர்கள்: ஒன்று கையைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடக்கும், இன்னொன்று அக்குள் முடியை இரு விரலால் விலக்கி, எதையோ கிள்ளி எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும், கிடப்பது கண்ணை மூடிவிடும். அம்போசெலியில் இப்படி அதிகம் பேன் பார்க்கப்படும் பபூன்கள் மேல் உண்ணிகள் குறைவு.

கூட்டம் மட்டும் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். ஜப்பானின் யாகுஷிமா தீவில் எல்லாரோடும் நெருக்கமாக இருந்த பெண் குரங்குகளின் குடலில் புழுக்கள்தான் அதிகம் இருந்தன. போட்ஸ்வானாவின் மொரேமியில் செய்த ஆய்வு (2010) எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அங்கே நீண்ட நாள் வாழ்ந்த பெண் பபூன்களுக்கு நெருக்கமான தோழிகள் இரண்டு மூன்று பேர்தான், ஆனால் வருடா வருடம் அதே ஆட்கள்.

அப்படிப்பட்ட ஆளே போய்விட்டால்? அதே மொரேமியில் சில்வியா என்று ஒரு பெண் பபூன் இருந்தது. அந்தஸ்தில் மேலே, மகள் சியராவைத் தவிர யாரையும் பெரிதாக அண்டவிடாது. சியராவைச் சிங்கம் கொன்றுவிட்டது. அப்புறம் சில்வியா, அதுவரை மதிக்காத கீழ்நிலைப் பெண்களிடம் போய்ப் பேன் பார்க்க ஆரம்பித்தது. சில்வியா மட்டுமல்ல, நெருங்கிய உறவைப் பறிகொடுத்த பெண்களுக்கெல்லாம் மன அழுத்த ஹார்மோன் ஏறியதை மலத்தைச் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். அவை முன்பைவிட அதிகப் பேருடன், அதிக நேரம் பேன் பார்த்தன, ஹார்மோனும் சில வாரங்களில் பழைய அளவுக்கு இறங்கியது.

அப்பா கேட்பதில் தப்பே இல்லை மீனா. தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத இடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தால் யாருக்கும் கசக்கும். அதனால் வற்புறுத்த வேண்டாம். கூட வேலை பார்த்தவர், கோயிலில் பார்த்துப் பேசுபவர், அம்மாவைத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர், இப்படி யாராவது ஒருவர் இருப்பார். வாரத்தில் ஒரு நாள், அதே காப்பிக்கடையில், அதே நேரத்துக்கு அவரோடு ஒரு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கட்டும். அது பழகிய பிறகு இருவருமாக நிலையத்துக்குப் போகலாம், முதல் சில வாரம் நீங்களும் கூடப் போய் உட்காருங்கள்.

சாப்பாடும் தூக்கமும் குறைந்திருந்தால் மட்டும் இதற்கெல்லாம் காத்திராமல் பலதுறை மருந்தக டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.