கல்லாவில் உட்காரும் கோபமும் கூச்சமும்: தொழில் முடிவுகள் பற்றிய கேள்வி பதில்

சிறுதொழில் நடத்துவோருக்கு இருபத்தாறு ஆண்டுகளாகக் கணக்குத் தணிக்கை செய்து வருகிறேன். வரிக் கணக்கைப் பற்றிக் கேட்க வருபவர்களில் பாதிப்பேர், எழுந்து போகும் நேரத்தில்தான், "இன்னொரு விஷயம், ஐயா" என்று உண்மையான சிக்கலைச் சொல்வார்கள். அது பெரும்பாலும் மனம் ஒன்று சொல்ல, கணக்கு வேறொன்று சொல்லும் சிக்கலாகவே இருக்கும். இங்கே வந்திருக்கும் கேள்விகளும் அந்த வகையைச் சேர்ந்தவைதாம். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி (திருப்பூர், பவர் டேபிள் எனப்படும் பின்னலாடைத் தையல் கூடம்): ஐயா, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு 38 லட்சம் ரூபாய் போட்டு இரண்டாவது யூனிட் ஒன்றைத் தொடங்கினேன். மாதம் சுமார் 65,000 ரூபாய் கையைக் கடிக்கிறது. இன்னும் 12 லட்சம் போட்டுப் புதிய மிஷின்கள் வாங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. இவ்வளவு பணத்தைப் போட்டுவிட்டு மூடுவதற்கு மனம் வரவில்லை. பெயர்ப் பலகையில் இருப்பதும் என் தந்தையின் பெயர்.

பதில்: முதலில் அந்த 38 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். யூனிட்டை மூடினாலும் அது திரும்பி வராது, நடத்தினாலும் திரும்பி வராது. இரண்டு பக்கமும் ஒரே தொகை நின்றால் அதை அடித்துவிட்டு மீதியைப் பார்ப்பதுதானே கணக்கு வழக்கம்? இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்பது எனக்குத் தெரியும். இரண்டு அரசாங்கங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. பிரிட்டனும் பிரான்சும் 1962இல் ஒப்பந்தம் போட்டுத் தொடங்கிய கான்கார்ட் விமானம், செலவு மேலே மேலே ஏறி, போட்ட பணம் திரும்பாது என்பது தெரிந்த பின்னும் தொடர்ந்து கட்டப்பட்டது. 1976இல் பயணிகள் சேவை தொடங்கியபோது, இரண்டு நாடுகளின் விமான நிறுவனங்களைத் தவிர வாங்குவதற்கு ஆள் இல்லை. போட்ட பணத்துக்காக மேலும் பணம் போடும் பழக்கத்துக்கே அந்த விமானத்தின் பெயரை வைத்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷின்களை இன்றைய பழைய விலைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்று இரண்டு வியாபாரிகளிடம் கேளுங்கள். 11 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கட்டட அட்வான்ஸ் 3 லட்சம் திரும்பி வரும் என்றால், இன்று மூடினால் கைக்கு வருவது 14 லட்சம். புதிதாகப் போட நினைப்பது 12 லட்சம். ஆகவே நீங்கள் பந்தயத்தில் வைப்பது வெறும் 12 லட்சம் அல்ல, 26 லட்சம். இந்த யூனிட்டே இல்லாமல் கையில் 26 லட்சம் ரொக்கமாக இருந்தால், ஆண்டுக்கு 7,80,000 ரூபாய் நட்டம் காட்டும் ஓர் இடத்தில் அதைக் கொண்டுபோய்ப் போடுவீர்களா என்பதுதான் கேள்வி. போடலாம் என்பதற்கும் காரணம் இருக்கக்கூடும். புதிய மிஷினால் ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் கூடும், பீஸுக்குக் கூலி எவ்வளவு குறையும், அந்தக் கூடுதல் பீஸுக்கு ஆர்டர் யாரிடமிருந்து வரும் என்ற மூன்றுக்கும் எண் இருந்தால் அதுவே காரணம். உங்கள் கடிதத்தில் "தோன்றுகிறது" என்ற சொல் இருக்கும் இடத்தில் அந்த எண்கள் வரவேண்டும்.

1985இல் இன்டெல் நிறுவனம் இதே இடத்தில் நின்றது. அவர்கள் தொடக்கத்தில் பெயர் வாங்கியதே கணினி நினைவகச் சில்லுகளில்தான், ஆனால் ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியில் அந்தத் தொழில் பணத்தைத் தின்றுகொண்டிருந்தது. நம்மை வெளியே அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று அதை நடத்திவந்த இருவரில் ஒருவரான ஆண்டி குரோவ் கேட்க, நினைவகத்தை விட்டு வெளியேறுவார் என்று மற்றவரான கார்டன் மூர் தயங்காமல் சொன்னார். அப்படியானால் நாமே கதவுக்கு வெளியே போய்த் திரும்பி வந்து அதைச் செய்யக்கூடாதா என்பது குரோவின் அடுத்த கேள்வி. உங்கள் யூனிட்டை நாளைக்கு வேறொருவர் வாங்கினால், அவருக்கு 38 லட்சத்தின் வலியும் இல்லை, பலகையில் இருக்கும் பெயரும் இல்லை. அவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். தந்தையின் பெயரைப் பொறுத்தவரை, அந்தப் பலகையை லாபம் வரும் முதல் யூனிட்டின் வாசலில் மாட்டலாமே. நட்டத்தில் ஓடும் இடத்தில்தான் அது தொங்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லையே.

தொடர்ந்து நடத்துவது என்று முடிவு செய்தால், எந்தத் தேதிக்குள் மாத நட்டம் எந்த அளவுக்குக் குறையவில்லையென்றால் மூடுவேன் என்பதை இன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, உங்களிடம் முகத்துக்கு நேரே பேசத் துணிவுள்ள ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அந்தத் தேதி வரும்போது உங்களுக்குப் புதிய காரணங்கள் தோன்றும். அவை தோன்றாத ஒரு நாளில் எழுதியது என்பதால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு.

கேள்வி (கரூர், வீட்டு உபயோகத் துணி): பன்னிரண்டு ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் ஒருவர் கொடுத்த காசோலை பணமில்லை என்று திரும்பிவிட்டது. தொலைபேசியில் கடுமையாகப் பேசிவிட்டேன். வழக்குப் போட வேண்டும் என்று ஒரு நாள் துடிக்கிறேன், பழகிய மனிதர் ஆயிற்றே என்று மறுநாள் விட்டுவிடுகிறேன்.

பதில்: உங்களுக்குள் இரண்டு பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள்: ஒருவர் கோபம், மற்றவர் கூச்சம். கோபத்தைப் பற்றி எல்லாரும் எச்சரிப்பார்கள். என் அனுபவத்தில், சிறுதொழிலில் கோபத்தால் போன பணத்தைவிடக் கூச்சத்தால் போன பணமே மிகுதி. கொடுத்த கடனைக் கேட்கக் கூச்சம், விலையை ஏற்றக் கூச்சம், முடியாது என்று சொல்லக் கூச்சம். அது மரியாதையின் உடையில் வருவதால் யாரும் அதை ஓர் உணர்ச்சியாகவே எண்ணுவதில்லை.

காசோலை விஷயத்தில் சட்டமே இருவருக்கும் கடிகாரம் வைத்திருக்கிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின்படி, காசோலை திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து பணம் செலுத்த அவருக்கு 15 நாட்கள் உண்டு. அதன் பிறகும் தராவிட்டால் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஆகவே இன்று இரவே ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லை, நாள் கடத்தவும் வழி இல்லை. வங்கி கொடுத்த ரிட்டர்ன் மெமோவின் மேல் தேதியை எழுதி, அதிலிருந்து பத்தாம் நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அதற்குள் ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள். பணமோ, தேதி போட்ட எழுத்துப்பூர்வமான உறுதியோ வராவிட்டால், பத்தாம் நாள் வழக்கறிஞரிடம் மெமோவைக் கொடுத்துவிடுங்கள். அன்று நீங்கள் கோபமாக இருக்கிறீர்களா, இரக்கமாக இருக்கிறீர்களா என்பது பொருட்டல்ல.

உங்கள் நிறுவனம் உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்திக் கூடமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். இதை அச்சிட்டு இன்வாய்ஸின் அடியில் நிரந்தரமாகப் போட்டுவிட்டால், கேட்பது நீங்கள் அல்ல, தாள்தான் கேட்கிறது. கூச்சத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

கேள்வி (சென்னை, மென்பொருள்): உணர்ச்சியே கலக்காமல் முடிவெடுப்பது சாத்தியமா? எங்கள் நிறுவனர் "உள்மனம் சொல்கிறது" என்று சொல்லியே எல்லாவற்றையும் முடிக்கிறார்.

பதில்: சாத்தியமும் இல்லை, நல்லதும் இல்லை. நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோ, மூளையின் முன்பகுதியில் சேதமடைந்து, அறிவுத்திறன் குறையாமல் உணர்ச்சி மட்டும் மங்கிப்போன நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்களில் ஒருவரிடம் அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளைச் சொல்லித் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அந்த மனிதர் நாட்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வேறு வேலைகள், வானிலை என்று இரண்டு தேதிகளுக்கும் சாதக பாதகங்களை ஏறத்தாழ அரை மணி நேரம் அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் இரண்டாவது தேதியில் வாருங்கள் என்று மருத்துவரே சொன்னதும், "சரி" என்று குறிப்பை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். எது முக்கியம் என்று சுட்டிக்காட்ட ஓர் உணர்ச்சி இல்லாவிட்டால் கணக்கு முடிவே பெறாது.

உள்மனத்தை எப்போது நம்பலாம் என்பதில் எதிரெதிர்க் கருத்துடையவர்களாக இருந்த உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே வகையான நிலைமை திரும்பத் திரும்ப வந்து, நம் முடிவு சரியா தவறா என்பதும் விரைவில் தெரிந்துவிடும் துறைகளில்தான் உள்மனம் பழுக்கிறது என்பது அவர்கள் கண்டது. அரிசி மண்டிக்காரர் இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தே ஈரப்பதம் சொல்வார், நாள்தோறும் அவர் சொன்னது சரிபார்க்கப்படுகிறது. அதே மனிதர் பத்தாண்டுக்கு ஒருமுறை வேறு ஊரில் கிளை திறப்பதைப் பற்றிச் சொல்லும் உள்மனத்துக்கு அந்தத் தேர்ச்சி கிடையாது, குரலின் உறுதி மட்டும் ஒன்றாகவே இருக்கும். உங்கள் நிறுவனர் எதைப் பற்றிச் சொல்கிறார் என்று பாருங்கள். இதே முடிவை அவர் எத்தனை முறை எடுத்து, எத்தனை முறை விளைவைப் பார்த்திருக்கிறார்?

கேள்வி (ஈரோடு, மஞ்சள்): வாங்கிய விலைக்குக் கீழே விற்க மனம் வரவில்லை. விலை ஏறும்வரை குடோனில் வைத்திருக்கலாமா?

பதில்: நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது சந்தைக்குத் தெரியாது. இழப்பின் வலி, அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கனக்கிறது என்பது கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் செய்த ஆய்வுகளில் தெரிந்தது. நட்டத்தை எழுதும் அந்தக் கணத்தைத் தள்ளிப்போடுவதற்காகவே பலரும் சரக்கைப் பிடித்து வைக்கிறார்கள். உங்கள் ஊரிலேயே 2010-11 காலத்தில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், இரண்டு ஆண்டுகளுக்குள் 5,000 ரூபாய்க்கும் கீழே வந்ததைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். 10,000இல் விற்க மறுத்தவர்களுக்கு அதன் பிறகு 8,000இல் விற்பது இன்னும் கடினமாக இருந்தது.

குடோன் வாடகை, கடன் வட்டி, எடைக் குறைவு மூன்றையும் கூட்டி, மாதத்துக்குக் குவிண்டாலுக்கு எவ்வளவு விலை ஏறினால் வைத்திருப்பது கட்டுபடியாகும் என்று பாருங்கள். திருப்பூர் நண்பரிடம் கேட்டதையே கேட்கிறேன்: இன்றைய விலைக்கு இதே மஞ்சளை இன்று புதிதாக வாங்குவீர்களா? மாட்டேன் என்றால் விற்றுவிடுங்கள். முழுவதையும் விற்க மனம் ஒப்பாவிட்டால் மூன்றில் ஒரு பங்கை இந்த வாரம் விற்கலாம். கணக்குப்படி அது சிறந்த வழி அல்ல, ஆனாலும் முதல் பங்கை விற்ற பிறகு இரண்டாவதை விற்கும் கை நடுங்குவதில்லை.

கேள்வி (மதுரை, ஊறுகாய்): வாடிக்கையாளர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள், ஐயா. எண்ணெய் விலை ஏறியும் நான் விலையை ஏற்றவில்லை.

பதில்: ஒரு பாட்டிலுக்கு உங்கள் உழைப்புக் கூலியும் சேர்த்து என்ன அடக்கம் ஆகிறது என்று எழுதிப் பாருங்கள், அம்மா. எழுதினால் கூச்சம் தானாகக் குறையும். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து புதிய விலை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

கேள்வி (திருநெல்வேலி, மளிகை மொத்த வியாபாரம்): என் மைத்துனர் கணக்கில் தொடர்ந்து தவறு செய்கிறார். வேலையை விட்டு நிறுத்தினால் வீட்டில் பெரும் பிரச்சினை ஆகும்.

பதில்: நீங்கள் அவருக்குக் கொடுப்பதில் எவ்வளவு சம்பளம், எவ்வளவு உதவி என்று பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? அவர் செய்யும் வேலைக்கு வெளியாள் ஒருவருக்கு 18,000 ரூபாய் கொடுப்பீர்கள், அவருக்கு 30,000 கொடுக்கிறீர்கள் என்றால், 12,000 குடும்ப உதவி. குடும்ப உதவி உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து, உங்கள் மனைவியின் கையால் போகட்டும். கடையில் அவருக்குப் பொருந்தும் வேலை எதுவோ, வசூலோ சரக்கு இறக்குவதோ, அதைக் கொடுத்து அதற்குரிய சம்பளத்தை மட்டும் எழுதுங்கள். உறவைக் காப்பாற்ற நீங்கள் செலவழிப்பதில் தவறில்லை. அது எவ்வளவு என்று தெரியாமல் செலவழிப்பதுதான் தவறு. ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: கணக்குப் புத்தகமும் கல்லாச் சாவியும் இந்த மாதமே கை மாற வேண்டும்.

கேள்வி (கோயம்புத்தூர்): இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் இப்படித் தவறியதே இல்லையா?

பதில்: என் மேசைக்கே உரிய கேள்வி. நான் அலுவலகம் திறந்த முதல் மாதத்தில் என்னை நம்பி வந்த ஒரு வாடிக்கையாளர், பிற்காலத்தில் ஐந்து ஆண்டுகளாகக் கட்டணமே தரவில்லை. பாக்கி 1,40,000 ரூபாய் ஆனது. மற்றவர்களுக்கு நிலுவைப் பட்டியல் போட்டுக் கொடுக்கும் நான், என் பட்டியலில் அவர் பெயரைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தேன். ஆண்டு முடிவில் என் உதவியாளர், "சார், இவர் வேறு யாராவதாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்டார். நான் பிறரிடம் கேட்கும் கேள்விதான் அது. அன்று மாலையே கடிதத்தைத் தட்டச்சு செய்துவிட்டேன். கையெழுத்திட்டு அதை உறையில் போடப் பதினொரு நாட்கள் ஆயின. பாதித் தொகை வந்தது, அவர் வேறு தணிக்கையாளரிடம் போய்விட்டார். மறு ஆண்டு அவருடைய மகனின் திருமணத்துக்கு அழைப்பிதழும் வந்தது. நான் போய் வந்தேன்.