வார்டனம்மா பதில்கள்

(கிராமத்துக் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியை 22 ஆண்டுகள் கவனித்து ஓய்வுபெற்றவர், முதலாண்டு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பதில் எழுதுகிறார்.)

மகளை விடுதியில் விட்டு ஒன்பது நாள் ஆகிறது. தினமும் ராத்திரி போனில், 'வந்து கூட்டிட்டுப் போங்கப்பா' என்று அழுகிறாள். அவள் அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. போய் அழைத்து வந்துவிடவா?
- ஒரு தகப்பன், கோட்டூர்

வேண்டாம் அண்ணே. இந்தச் சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், கூட்டி வராதீர்கள்.

வேதாரண்யம் பக்கத்துப் பெண் ஒருத்தி. உப்பளத்து வேலைக்குப் போகும் அம்மா கொண்டுவந்து சேர்த்தார். பத்தாம் நாள் அவள் அழுகையைப் பார்க்கப் பொறுக்காமல், 'நாலு நாள் இருந்துட்டு வாடா' என்று நானே கையெழுத்துப் போட்டு பஸ் ஏற்றிவிட்டேன். அவள் திரும்ப வரவேயில்லை. பெட்டியும் வாளியும் பெயர் வெட்டிய தட்டும் மூன்று மாதம் கட்டிலுக்கடியில் கிடந்தன. கடைசியில் அந்த அம்மாதான் வந்து எடுத்துப்போனார். வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி அவர் நடந்துபோனது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. இன்னும் ஒரு வாரம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் பேசியிருக்க வேண்டும்.

பகலில் இந்த அழுகை வராது. விளக்கு வைக்கும் நேரத்தில், சுற்றிலும் வயலில் தவளை கத்த ஆரம்பிக்கும்போது வரும். அதைவிடக் கஷ்டம் சாப்பாட்டுக் கூடத்தில். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு யார் பக்கத்தில் போய் உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறாள் பாருங்கள், அந்த ஒரு நிமிஷம். அதனால் 'அழுதியா' என்று கேட்காதீர்கள். யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். ஒரு பெயர் சொல்லிவிட்டால் உங்களுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. ராத்திரி பேசுவதை நிறுத்திவிட்டு, காலையில் அவள் வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் பேசுங்கள். அவள் அம்மாவுக்கு அழுகை வந்தால் போனை வைத்தபிறகு அழட்டும்.

போகும்போது முறுக்கோ அதிரசமோ, அந்த அறையில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் போதும்படி எடுத்துப்போங்கள். அவளுக்கு மட்டும் ஒரு சின்ன டப்பா கொடுத்தால் ஒளித்துவைத்துத் தனியாகத் தின்பாள்.

ஒன்றை மட்டும் நேரில் கேட்டுவிடுங்கள்: யாராவது மிரட்டுகிறார்களா? ஆமாம் என்றால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். அடுத்த பதில் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

காலையில் குழாயில் தண்ணீர் விடும்போது சீனியர் அக்காக்களுக்கு நாங்கள்தான் வாளி நிரப்பி வைக்கவேண்டும். 'நாங்களும் செஞ்சோம்ல' என்கிறார்கள். இதெல்லாம் ராகிங்கா?
- பெயர் வேண்டாம், நீடாமங்கலம்

ஆமாம் பாப்பா, ராகிங்தான். அவர்களும் தூக்கினார்கள் என்பதற்காக நீ தூக்கவேண்டியதில்லை. நம் மாநிலத்தில் ஒரு முதலாண்டு மருத்துவ மாணவர் ராகிங்கில் உயிரை இழந்த பிறகுதான், 1997-ல் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் நிர்வாகம் சும்மா இருந்தால், குற்றத்துக்கு உடந்தை என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. தேதி, நேரம், அறை எண் போட்டு வார்டனிடம் எழுதிக் கொடு, ஒரு நகல் உன்னிடம் இருக்கட்டும். சொல்லப் பயமாக இருந்தால் 1800-180-5522 என்ற எண்ணுக்குப் பேசு. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

அரசுப் பள்ளியில் படித்தவன். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். விடுதியில் சேரலாமா?
- முத்துப்பேட்டை மாணவர்

சேர்ந்துவிடு தம்பி. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்தை பஸ்ஸில் விட்டுவிட்டு எப்போது படிப்பாய்? ஆனால் தமிழ்ப் புதல்வன் பணத்தை மட்டும் நம்பி கல்லூரி விடுதிக்குப் போகாதே. அந்த மாதச் சாப்பாட்டுச் செலவை எல்லாருக்கும் பங்குபோட்டு வாங்கும் டிவைடிங் முறையில் மெஸ் பில் ஒரு மாதம் போல ஒரு மாதம் இருக்காது. முதலில் பக்கத்தில் அரசு விடுதி இருக்கிறதா என்று விசாரி. இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர். தங்கவும் சாப்பிடவும் பணம் கட்டவேண்டியதில்லை, வருமான வரம்பு மட்டும் உண்டு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு நேராக அந்த வார்டனையே போய்ப் பார். இடம் நிரம்பியபின் போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

விடுதிக்கு என்னென்ன வாங்கிப் போகவேண்டும்?
- முதலாண்டு மாணவி, பேராவூரணி

மூடி போட்ட வாளி, நல்ல பூட்டு, கொடிக்கயிறு. ஐப்பசி அடைமழையில் துணி காயாது, அதனால் உள்ளாடை கூடுதலாக எடுத்துக்கொள். பாட்டரி போட்ட டார்ச் கட்டாயம். செல்போனில்தான் இருக்கிறதே என்பாய். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில், வழியெல்லாம் மரம் விழுந்து, வீட்டுக்குப் போகமுடியாமல் பதினாலு பிள்ளைகள் என்னோடு விடுதியில் மாட்டிக்கொண்டார்கள். கரண்ட் இல்லை. மறுநாளே எல்லார் செல்போனும் அணைந்துபோனது. இருந்த இரண்டு டார்ச்சை வைத்துக்கொண்டுதான் நால்வர் நால்வராகக் கழிவறைக்குப் போய்வந்தோம்.