உடோ தண்டும் ஒரே பெயரில் விற்கும் வேர்களும்

கேள்வி: டோக்கியோவில் வசிக்கிறோம். காய்கறிக் கடையில் 'உடோ' என்ற பெயரில் முழ நீளத்துக்கும் மேற்பட்ட வெள்ளைத் தண்டும், சற்றுக் குட்டையான பச்சைத் தண்டும் தனித்தனியே விற்கிறார்கள். எதை வாங்கலாம்? இதன் வேர் மூட்டுவலிக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, மாமியாருக்காக இணையத்தில் ஒரு சீன வேர்ப் பொட்டலத்தையும் பார்த்து வைத்திருக்கிறேன். அதன் மேலும் உடோவுக்குரிய அதே இரண்டு சீன எழுத்துகள்தாம் அச்சிடப்பட்டுள்ளன. இரண்டும் ஒரே செடியா?

பதில்: தண்டைத் தாராளமாக வாங்குங்கள். பொட்டலத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

வெள்ளையும் பச்சையும் ஒரே செடியின் தளிர்களே. டோக்கியோ மாநகரின் மேற்குப் பகுதியிலுள்ள தச்சிகாவாவில், நிலத்துக்கடியில் தோண்டிய இருட்டறைகளில் வேர்க்கட்டையை நட்டு வெளிச்சமே படாமல் வளர்ப்பதால்தான் தண்டு வெளுத்தும் மென்மையாகவும் இருக்கிறது. பச்சைத் தண்டுக்கு 'யாமா உடோ', அதாவது மலை உடோ, என்று பெயர். மணமும் கசப்பும் தூக்கலாக இருக்கும். ஆனால் மலையில் பறித்தது என்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்துவிடாதீர்கள், கடைக்கு வருவதில் பெரும்பகுதி தோட்டத்தில் வளர்ந்ததுதான். தண்டின் மேலுள்ள மெல்லிய மயிர் விரலில் சுருக்கென்று குத்தினால் அது புதியது. தோலைத் தடிமனாகச் சீவி, நறுக்கியவுடன் வினிகர் கலந்த நீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். சீவிய தோலை எறியாமல் வதக்கிக்கொள்ளலாம். (முற்றிய தண்டு எதற்கும் உதவாது, ஆள் வளர்ந்தும் பயனற்றவரை ஜப்பானியர் 'உடோவின் பெருமரம்' என்று கேலி செய்வது இதனால்தான்.)

வேரின் கதை வேறு. உடோ, ஜின்செங் குடும்பத்தைச் சேர்ந்த அராலியா கோர்டாட்டா. சீனாவில் அதே எழுத்துகளை 'து ஹுவோ' என்று படித்து விற்கும் வேரோ, கொத்தமல்லி குடும்பத்தைச் சேர்ந்த அஞ்சேலிகா. கொரியாவில் 'தொக்வால்' என்று கேட்டால் மீண்டும் ஓர் அராலியா இனமே கிடைக்கும். மூன்றையும் மரபு மருத்துவம் மூட்டுவலிக்குப் பயன்படுத்துகிறது என்றாலும், அவற்றின் வேதிப்பொருள்கள் ஒன்றல்ல. சீன வேரில் உள்ள ஃபுரானோகூமரின்கள் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யக்கூடியவை. மேலும், சீன மருத்துவத்தில் புகழ்பெற்ற 'து ஹுவோ ஜிஷெங் தாங்' 15 சரக்குகள் சேர்ந்த கூட்டு மருந்தாகையால், தனி வேரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதை அதற்கு ஈடாகக் கருத முடியாது.

ஆகவே எந்த வேர்ப் பொட்டலத்தை வாங்குவதானாலும் இலத்தீன் தாவரப் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் விற்பனையாளரிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள். மாமியார் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால், பெயர் சரியாகவே இருந்தாலும் அவருடைய மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.