100 கிலோ ஓம் பாட்தான் காரணம்

டிஏசிக்கும் (டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவே 100 கிலோ ஓம் வால்யூம் பாட் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மாறு மின்தடை, பொட்டன்ஷியோமீட்டர்) வைத்து, ஆம்ப் வரை 5 மீட்டர் கேபிள் இழுத்ததும் ட்ரெபிள், அதாவது உயர் சுருதி ஒலி, மங்கிவிட்டது என்கிறீர்கள். டிஏசியைச் சந்தேகப்பட வேண்டாம். ஒலியை 6 டெசிபல் குறைத்த இடத்தில் அந்த பாட்டின் வெளியீட்டு மின்மறுப்பு (வெளியே போகும் சிக்னலுக்கு அது தரும் தடை) 25 கிலோ ஓம் வரை ஏறும். கேபிளின் மின்தேக்குத்திறன் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்தால் மொத்தம் 500 பிகோஃபாரட். இந்த இரண்டும் சேர்ந்து உயர் ஒலிகளை வடிகட்டுவதால், சுமார் 12.7 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. 10 கிலோ ஓம் பாட் போட்டால் அந்த எல்லை 127 கிலோஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போகும். உங்கள் டிஏசியின் 100 ஓம் வெளியீட்டுக்கு அது பாரமே இல்லை. அப்புறம், வால்யூம் பெட்டியை ஆம்ப் பக்கத்தில் வைத்து, நீளக் கேபிளை டிஏசி பக்கம் விடுங்கள். குறைந்த ஒலியில் கேட்பவர் என்றால் ஸ்டெப்டு அட்டெனுவேட்டரே (படிப்படியாக மின்தடைகளை மாற்றி ஒலியைக் குறைக்கும் சுவிட்ச்) வாங்குங்கள். இடதுக்கும் வலதுக்கும் ஒரே தண்டில் இரண்டு பாட் உள்ள சாதாரண இரட்டை பாட் என்றால், குறைந்த ஒலியில் இடதும் வலதும் பெரும்பாலும் சமமாக இருக்காது.