இருட்டறையில் போட்ட ஹை கான்ட்ராஸ்ட் படத்தின் தோற்றத்தை டிஜிட்டலில் கொண்டுவர முடியுமா?

முடியும். ஆனால் மென்பொருளில் இருக்கும் கான்ட்ராஸ்ட் ஸ்லைடரை (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் குறைக்கும் பட்டையை) வைத்து முடியாது.

'ஃபிலிமில் எடுத்து இருட்டறையில் போட்ட பழைய படங்களின் அடர்ந்த கறுப்பு எனக்கும் வேண்டும். ஆனால் கான்ட்ராஸ்ட்டை ஏற்றினாலே முகம் கரியாகிவிடுகிறது' என்று கேட்டிருக்கிறீர்கள். முகம் கரியாகிறது என்று படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் எடுப்பது நம் ஆட்களின் முகங்களை என்றே நினைக்கிறேன். வெளுத்த முகங்களாக இருந்தால் இந்தச் சந்தேகமே உங்களுக்கு வந்திருக்காது.

என் மாமா சிங்கப்பூரின் தோ பாயோ வட்டார வீட்டுக் குளியலறையைத்தான் இருட்டறையாக வைத்திருந்தார். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி, பலகை போட்டு அதன் மேல் என்லார்ஜரை (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவியை) ஏற்றுவார். ஃபிலிம் கழுவுவதற்கான அட்டவணைகள் எல்லாம் 20 டிகிரிக்குப் போட்டவை. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீருக்கு அந்தக் குளிர்ச்சி ஏது? கோப்பிக் கடையில் கோப்பி கட்டித் தரும் பிளாஸ்டிக் பைகளைக் கழுவிச் சேர்த்து வைத்திருப்பார். அதில் ஐஸ் கட்டிகளைப் போட்டு முடிந்து, ஃபிலிம் கழுவும் மருந்தான டெவலப்பர் பாட்டில் நிற்கும் வாளியில் மிதக்க விடுவார். தெர்மாமீட்டரைப் பார்த்து டிகிரி சொல்வது என் வேலை. சூடு கூடினால் ஃபிலிம் வேகமாகக் கழுவப்பட்டு, கான்ட்ராஸ்ட்டும் கிரெயினும் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகளும்) அவர் கணக்கை மீறிவிடும். வேண்டும் என்கிற அளவுக்கு மட்டும் வர வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பு.

1988 தைப்பூசத்தில் டேங்க் ரோடு கோயில் பக்கம், அத்தையின் தம்பி காவடி எடுத்து வருவதை மாமா எடுத்த படம் ஒன்று உண்டு. விடியவில்லை, வெளிச்சம் போதாது. 400 வேகமுள்ள (வேகம் என்பது வெளிச்சத்தை உணரும் அளவு) டிரை-எக்ஸ் ஃபிலிமை 1600 என்று கணக்கு வைத்து எடுத்துவிட்டு, அதற்கு ஏற்றபடி டெவலப்பரில் கூடுதல் நேரம் போட்டார். அப்படிச் செய்தால் நிழல் பகுதியில் விவரம் தங்காது, வெளிச்சப் பகுதி மட்டும் தடித்துக்கொண்டே போகும். பிரிண்ட் போட்டது 5-ஆம் நம்பர் தாளில். அதற்கு மேல் கான்ட்ராஸ்ட் உள்ள தாள் சாதாரணமாகக் கிடைக்காது. பின்னணி முழுக்கக் கறுப்பு, வேல் நுனிகள் வெள்ளை, நடுவில் வியர்வையோடு ஒரு முகம். அத்தை வீட்டுக் கூடத்தில் முப்பது வருஷம் தொங்கியது. பிறகு ஈரம் ஏறி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது ஒரு மூலை கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. மாமா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, என்லார்ஜரும் இல்லை. 'நெகட்டிவ் இருக்கில்ல, நீ போட்டுக் கொடு தம்பி' என்றார் அத்தை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் யாருக்காவது உதவும். நெகட்டிவை ஒரு கடையில் ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். வந்த ஃபைலில் மயிலிறகுகள் ஈர மெழுகு பூசியதுபோல் வழிந்திருந்தன. தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதியைப் போட்டே ஸ்கேன் செய்திருக்கிறார்கள். கலர் ஃபிலிமில் படம் சாயத்தால் ஆனது. அகச்சிவப்புக் கதிர் சாயத்தைக் கடந்துபோகும், தூசியில் மட்டும் தடுக்கும். அதனால் தூசி எது என்று ஸ்கேனருக்குத் தெரியும். பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள். அதுவும் கதிரைத் தடுக்கும். ஸ்கேனர் படத்தையே தூசி என்று எடுத்துக்கொண்டு அழித்துப் பூசிவிடுகிறது. கேட்டால், 'எல்லா ஃபிலிமுக்கும் இப்படித்தான் போடுவோம்' என்றார்கள். ஃபிலிம் ஸ்கேன் செய்யக் காசு வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. கடைசியில் நெகட்டிவை ஒளிப்பலகை மேல் வைத்து, கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் போட்டு நானே படம் பிடித்துக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நெகட்டிவ் ஃபைலை நேர்ப்படமாக மாற்றிக் கான்ட்ராஸ்ட்டை ஏற்றினேன். வானம் கறுத்தது, வேல் வெளுத்தது, முகம் போய்விட்டது. கிழிந்த பழைய பிரிண்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி முயன்றேன். மூன்றாம் ராத்திரிதான் மாமா டெஸ்ட் ஸ்டிரிப் (சோதனைத் துண்டு) போடுகிற விதம் நினைவுக்கு வந்தது. தாளில் ஒரு விரல்கடை அகலத்துக்குத் துண்டு வெட்டி, அதை முகம் விழும் இடத்தில்தான் வைப்பார். வானத்தில் வைக்க மாட்டார், சட்டையில் வைக்க மாட்டார். அட்டையை நகர்த்தி நகர்த்தி அதன் மேல் 4, 8, 12, 16 விநாடி வெளிச்சம் காட்டிக் கழுவுவார். சிவப்பு விளக்கில் அந்தத் துண்டைத் தூக்கிப் பார்த்து, முகம் சரியாக இருக்கும் விநாடியை எடுத்துக்கொள்வார். மற்றதெல்லாம் கறுத்தாலும் வெளுத்தாலும் அந்த முகத்தைச் சுற்றித்தான்.

ஸ்லைடர் அப்படிச் செய்வதில்லை. பெரும்பாலான மென்பொருள்களில் அது நடுச் சாம்பலை மையமாக வைத்து, அதற்கு மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் தள்ளும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து வகுத்த ஸோன் முறையில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக எண் உண்டு: முழுக் கறுப்பு 0, நடுச் சாம்பல் 5. வெயிலில் நிற்கும் வெளுத்த தோலுக்கு ஆடம்ஸ் கொடுத்த இடம் 6, கறுத்த தோலுக்கு 5. அதுவும் நல்ல வெளிச்சத்தில். விடியாத நேரத்தில் மயிலிறகு நிழலில் இருக்கும் முகம் 4, 3 என்று இறங்கிவிடும். ஆக, ஸ்லைடரை ஏற்றும்போது வெளுத்த முகம் மேலே போய்ப் பளிச்சென்று ஆகிறது. நம் முகம் கீழே போய்க் கரியாகிறது. நீங்கள் தப்பாக எதுவும் செய்யவில்லை. மையம் தப்பான இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் ஸ்லைடரை விட்டுவிட்டு கர்வ்ஸுக்கு (ஒவ்வொரு சாம்பல் அளவையும் ஒரு கோட்டில் புள்ளி வைத்துத் தனியாக ஏற்றி இறக்கும் வசதிக்கு) போங்கள். முகத்தில் வெளிச்சம் படும் கன்னத்தின் மதிப்பைப் பாருங்கள். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255 என்ற கணக்கில் எனக்கு அது 90 இருந்தது. அந்த 90-ஐ 120-க்குத் தூக்கி அங்கே ஒரு புள்ளி வைத்தேன். 45-ஐ 12-க்கு இறக்கினேன், 180-ஐ 240-க்கு ஏற்றினேன். கோடு செங்குத்தாக நிற்கிறது, கான்ட்ராஸ்ட் பயங்கரமாக இருக்கிறது, ஆனால் முகம் இருக்கிறது. என் எண்களை அப்படியே போடாதீர்கள், உங்கள் படத்துக்கு வேறு வரும். முகப்புள்ளியை 100, 110, 120, 130 என்று நான்கு விதமாக வைத்து, நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். மாமாவின் ஸ்டிரிப்தான் அது.

உங்களுடையது டிஜிட்டல் கேமராவில் எடுத்த கலர் ஃபைல் என்றால், கர்வ்ஸுக்கு முன்னால் இரண்டு வேலை உண்டு. ஒன்று, கலரைச் சும்மா உருவிவிடாதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு சேர வேண்டும் என்று சொல்லிக் கறுப்பு வெள்ளையாக்கும் சேனல் மிக்ஸரில் சிவப்பைக் கூட்டுங்கள். நம் தோல் திருப்பி அனுப்புவதில் சிவப்புதான் அதிகம், நீலம் ரொம்பக் குறைவு. சிவப்பைக் கூட்டினால் முகம் தானாக ஒரு படி ஏறும், பகல் படமாக இருந்தால் வானமும் கறுக்கும். இதை முகத்தை வெளுக்க வைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கொடுமைக்கு நான் எதிரி. கறுத்த முகம் கறுத்த முகமாகவே, உள்ளே விவரத்தோடு தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவும்.

இரண்டாவது கிரெயின். பலரும் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் மேலே தூவுகிறார்கள். அப்படிச் செய்தால் முழுக் கறுப்பிலும் புள்ளி நிற்கும், படத்தின் மேல் அழுக்குக் கண்ணாடி வைத்ததுபோல் இருக்கும். ஃபிலிமில் கிரெயின் நெகட்டிவிலேயே இருக்கிறது. அதுவும் சேர்ந்துதான் அந்த 5-ஆம் நம்பர் தாளில் வருகிறது. அதனால் கிரெயினை முதலில் போட்டு, அரை பிக்சல் அளவு மங்கலாக்கி, அதன் மேல் கர்வ்ஸைப் போடுங்கள். கறுப்பில் கிரெயின் அமுங்கிப்போகும், சாம்பல் நிறங்களில் மட்டும் கரகரவென்று நிற்கும்.

அப்புறம், மாமா கம்பி முனையில் ஒட்டிய ஐந்து காசு அளவு அட்டையை வெளிச்சத்துக்குக் குறுக்கே ஆட்டிக் கண்களைக் காப்பாற்றுவார். மென்பொருளில் ஒரு இடத்தை மட்டும் வெளுக்க வைக்கும் டாட்ஜ் பிரஷ் அதேதான். ஒரே இடத்தில் நிறுத்தாமல் குறைந்த அளவில் பலமுறை ஓட்டுங்கள்.

பிரிசெட் (யாரோ முன்பே செய்துவைத்த அமைப்பு) வாங்கினால் ஒரே கிளிக்கில் முடியுமே என்று சிலர் சொல்வார்கள். வாங்குங்கள், தடுக்கவில்லை. ஆனால் செய்தவர் எந்த முகத்தை வைத்துச் செய்தாரோ, மையம் அந்த முகத்தில் இருக்கும். இருட்டறையில் இன்றும் வேலை செய்கிறவர்கள், இதெல்லாம் அசலுக்கு ஈடாகாது என்பார்கள். வெள்ளி உப்புத் தாளின் கறுப்பு வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது அத்தை வீட்டுச் சுவருக்கு ஒரு படம்.

மேட் தாளில் கறுப்பு எடுபடாது என்பதால் பளபளப்புத் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோனேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். 'மூக்குமேல அந்த வேர்வ இருக்குடா' என்று விரலை வைத்துக் காட்டினார். இந்த முறை ஃபிரேம் போடும்போது, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் தடிமனான அட்டை கொடுத்து இடைவெளி விட்டிருக்கிறேன்.